லினக்ஸில் பாஸ், விண்டோஸில் ஃபெயில்: டெஸ்ட் ஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே டெஸ்ட் ஒரு கணினியில் பாஸாகி இன்னொன்றில் ஃபெயிலானால், நிரலைத் தோண்டும் முன் ஸ்கிரிப்டைப் பாருங்கள்.

அதிக நேரத்தைத் தின்பது வரிமுடிவுதான், அதாவது ஒரு வரி முடிவதைக் காட்டும் மறைகுறி. லினக்ஸில் அது எல்எஃப் (LF) என்ற ஒரே குறி, விண்டோஸில் சிஆர் (CR), எல்எஃப் என்ற இரண்டு. விண்டோஸில் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி, Git) நிறுவும்போது முன்தேர்வுகளை அப்படியே ஏற்றால், கோப்புகளின் எல்எஃப் வரிமுடிவு சிஆர்எல்எஃப் ஆகிவிடும். அந்த ஸ்கிரிப்டை லினக்ஸ் கன்டெய்னரில் (தனித்து இயங்கும் சிறு லினக்ஸ் சூழலில்) ஓட்டினால் முதல் வரியிலேயே 'பேட் இன்டர்ப்ரெட்டர்' போன்ற பிழையோடு நின்றுவிடும். அந்த வரியில் உள்ள பேஷ் (கட்டளைகளை ஓட்டும் ஷெல் நிரல்) என்ற பெயரின் வாலில் கண்ணுக்குத் தெரியாத சிஆர் ஒட்டியிருப்பதே காரணம். ஆளுக்கு ஆள் தம் கணினியில் செட்டிங் மாற்றிக்கொண்டால் போதாது. குழுவில் புதிதாகச் சேர்பவர் மறுபடி மாட்டிக்கொள்வார். நிரல் சேமிக்கப்படும் ரெப்போவிலேயே .கிட்அட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பு வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கும் வெளியீட்டை ஒப்பிடும் கோப்புகளுக்கும் இஓஎல்=எல்எஃப் (eol=lf) என்று எழுதுங்கள்.

ஷெல்லையும் நம்பிவிட வேண்டாம். உபுண்டு லினக்ஸில் 2006 முதல் /பின்/எஸ்ஹெச் (/bin/sh) என்பது பேஷ் அல்ல, டாஷ் என்ற வேறு ஷெல். பேஷின் இரட்டைச் சதுர அடைப்பு அதற்குப் புரியாது. மேக்கோடு வரும் பேஷ் 3.2, ஆகவே 4.0இல் வந்த அசோசியேட்டிவ் அரே (பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் பட்டியல்) அதில் கிடையாது. கோப்பின் உரையை அதே கோப்பில் மாற்றும் 'செட் -ஐ' (sed -i) கட்டளை லினக்ஸில் அப்படியே ஓடும், மேக்கிலோ காப்புக் கோப்புக்கான பின்னொட்டு கேட்கும். இடைவெளி விடாமல் '-ஐ.பேக்' (-i.bak) என்று எழுதினால் இரண்டிலும் ஓடும்.

தமிழ்த் தரவைக் கையாள்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது என்கோடிங், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. பைத்தான் 3.14 வரை, ஓப்பன்() அழைப்பில் அதைக் குறிப்பிடாவிட்டால் விண்டோஸின் சொந்த என்கோடிங்கே எடுக்கப்படும். பல கணினிகளில் அது சிபி1252 என்ற, தமிழ் எழுத்துகளே இல்லாத பழைய முறை. யூடிஎஃப்-8 கோப்பில் 'அம்மா' இருந்தால் படிக்கும்போதே பிழை வரும், ஏனெனில் புள்ளியின் கடைசி பைட்டுக்கு (8டி) சிபி1252இல் எழுத்தே இல்லை. 'மாமா' மட்டும் இருந்தால் எந்தப் பிழையும் காட்டாமல் குப்பை எழுத்துகளாக உள்ளே வரும். இரண்டாவதுதான் ஆபத்து. எல்லா ஓப்பன்() அழைப்பிலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் விண்டோஸும் மேக்கும் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும். லினக்ஸ் கோப்பே இல்லை என்றுவிடும். கோப்புறைப் பட்டியலின் வரிசை ஒவ்வொரு சிஸ்டத்திலும் வேறாக வரலாம், ஒப்பிடும் முன் வரிசைப்படுத்துங்கள். பைத்தானில் திறந்திருக்கும் கோப்பை விண்டோஸ் அழிக்கவிடாது. டெஸ்ட் முடிவில் தற்காலிகக் கோப்புறையை நீக்கும் முன் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.

ஃபெயிலாகும் டெஸ்டுக்கு 'விண்டோஸில் ஸ்கிப்' போட்டுக் கடந்துபோவது மிக மோசமான பழக்கம். அங்கே இருக்கும் உண்மையான பிழையும் அதோடு மறைந்துவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒவ்வொரு கமிட்டுக்கும் (கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்) ஓட்டுங்கள். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில், பல சிஸ்டங்களில் ஒருசேர ஓட்டும் மேட்ரிக்ஸ் அமைப்புக்கு 'ஃபெயில்-ஃபாஸ்ட்' இயல்பாகவே இயங்கும், ஒன்று விழுந்தால் மற்றவற்றையும் நிறுத்திவிடும். அதை ஃபால்ஸ் ஆக்கினால்தான் பிழை ஒரு சிஸ்டத்துக்கு மட்டுமா, மூன்றுக்குமா என்பது தெரியும்.