மாவுக்கு ஒரு மூக்கு

2021-இல் கோவிட் வந்து போனதிலிருந்து என் மனைவிக்கு வாசனை சரியாகத் தெரிவதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலும் (குடியிருப்பிலும்) பக்கத்துத் தோட்ட லயங்களிலும் பல வீடுகளுக்குத் தோசை மாவு அரைத்துக் கொடுப்பவள் அவள். மூடியைத் திறந்ததுமே மூக்கால் பதம் சொன்னவள், இப்போது ஒவ்வொரு வாளியிலிருந்தும் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். நான் ரேடியோ, டிவி பழுது பார்ப்பவன். மாவு புளிக்கும்போது கொஞ்சம் ஆல்கஹாலும் ஆவியாக வரும். அதை முகர எம்கியூ-3 என்ற ஆல்கஹால் உணரி ஒன்றை வாங்கி, அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையில் மாட்டினேன். உணரி தரும் வோல்ட்டை அது ஓர் எண்ணாகக் காட்டும்.

புது மாவுக்கு 41 என்று காட்டியது, புளித்த மாவுக்கு 60. பக்கத்தில் ஆள் நடந்தாலே பத்து எண் ஆடுகிற இடத்தில் இந்த வித்தியாசத்தை நம்ப முடியாது. விலை கூடிய உணரி வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள், முதலில் உணரி உட்கார்ந்திருக்கும் பலகையைத் திருப்பிப் பாருங்கள்.

மலிவுப் பலகைகளில் பெரும்பாலும் '102' என்று பொறித்த குட்டி ரெசிஸ்டர் இருக்கும். அது 1 கிலோ ஓம். உணரியின் தடையும் இந்த ரெசிஸ்டரும் 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் வாசனைக்கு வோல்ட் நன்றாக நகரும். உங்கள் உணரியின் தடையை நீங்களே கணக்கிடலாம்: உணரிப் பலகையின் ஏ0 முனையில் வரும் வோல்ட்டை 5-இலிருந்து கழித்து, அதே வோல்ட்டால் வகுத்து, ரெசிஸ்டர் மதிப்பால் பெருக்குங்கள். எனக்குச் சுத்தமான காற்றிலும் புது மாவிலும் 24 கிலோ ஓம், புளித்த மாவில் 16. இரண்டுக்கும் நடுவில் 20. பழைய ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, ஏ0 முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 20 கிலோ ஓம் வைத்து சால்டர் செய்தேன். இப்போது புது மாவுக்கு 465, புளித்த மாவுக்கு 569. பத்தொன்பது எண்ணாக இருந்த வித்தியாசம் நூற்றுநாலு ஆனது. சில காசு வேலைதான்.

அடுத்தது சூடு. உணரிக்குள் ஒரு ஹீட்டர் சூடாக்கும் டின் ஆக்சைடு இருக்கிறது. அது சூடாக இருக்கும்போது காற்றின் ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டி, எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆல்கஹால் வந்து அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்ததும் எலக்ட்ரான்கள் விடுபட்டுத் தடை குறைகிறது. ஆகவே சூடு தடுமாறினால் எண்ணும் தடுமாறும். அந்த ஹீட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர் வேண்டும். தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுத்து, கிரவுண்டை மட்டும் அர்டுயினோவோடு சேர்த்துவிடுங்கள். உணரியின் காலிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். மெல்லிய வயரில் எனக்கு 4.6 வோல்ட்தான் வந்தது. புது உணரியை முதலில் இரண்டு நாள் சூட்டிலேயே விடுங்கள்.

எங்கள் ஊரில் பெரிய தொல்லை ஈரம். சாயங்கால மழைக்குப் பிறகு, மாவே இல்லாமல் எண் ஏறும். ஒரு கப் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். சிலிக்கா ஜெல் போட்டால் ஆல்கஹாலையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அதனால் நான் ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் காற்றின் தடையை எடுத்து, மாவின் தடையை அதனால் வகுக்கிறேன். ஈரத்தை முழுவதும் விரட்டாது, ஆனால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அப்புறம் பாத்திரம். 100 கிராம் மாவு, எப்போதும் ஒரே கண்ணாடி ஜாடி, மூடி வைத்துப் பத்து நிமிடம். திறந்த வாளிக்கு மேல் பிடித்தால் வாசனை காற்றோடு போய்விடும். பிளாஸ்டிக் வேண்டாம், நேற்றைய வாசனையை இன்றும் வைத்திருக்கும். அளந்ததும் பழைய கம்ப்யூட்டர் விசிறியால் காற்றடித்து, எண் பழைய இடத்துக்கு வரும்வரை காத்திருங்கள். நிரலில் 64 முறை படித்துச் சராசரி எடுத்தால், தாறுமாறான ஆட்டம் எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உணரியை சிலிக்கோன் பசையால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி டின் ஆக்சைடின் மேல் படிந்து நிரந்தரமாகக் கெடுத்துவிடும். என் முதல் உணரி அப்படித்தான் போனது. ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள்.

ஒரே உணரியால் புளிப்பையும் கெட்டதையும் பிரித்துச் சொல்ல முடியாது. 1982-இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டாட் என்ற இரு ஆய்வாளர்கள் சில உணரிகளைச் சேர்த்து வைத்து, அவை தரும் எண்களின் விகிதத்தால்தான் வாசனைகளை வேறுபடுத்தினார்கள். நானும் பக்கத்தில் எம்கியூ-135 என்ற இன்னொரு வாயு உணரியை வைத்திருக்கிறேன். அதற்கான கணக்கு இன்னும் நடக்கிறது.

எந்த எண்ணில் பதம் என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் அவள் ருசி பார்த்து 'இன்னும் வரல', 'சரி', 'தாண்டிடுச்சு' என்று சொல்ல, நான் பக்கத்தில் விகிதத்தை எழுதினேன். எங்கள் ஜாடிக்கு 0.67. அது வந்ததும் வாளி ஃபிரிட்ஜுக்குப் போகிறது.