இறைச்சி உருண்டைக்குக் கிரீம் சாஸ்: வாணலியைக் கழுவாதீர்கள்

உருண்டைகளைப் பொரித்து எடுத்ததும் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, சாஸின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. அதனால் பொரித்த வாணலியிலேயே சாஸையும் செய்ய வேண்டும். நான்ஸ்டிக்கில் அவ்வளவாக ஒட்டாது. இரும்பு அல்லது கனமான எவர்சில்வர் வாணலி நல்லது. ஒட்டியது கறுத்துப்போயிருந்தால் மட்டும் கழுவிவிடுங்கள். அந்தக் கசப்பை எந்தக் கிரீமும் மறைக்காது.

அரை கிலோ இறைச்சியில் செய்த உருண்டைகளுக்கு: வெண்ணெய் 20 கிராம், மைதா தலைதட்டி 3 மேசைக்கரண்டி (சுமார் 25 கிராம்), உப்பு குறைந்த எலும்புச் சாறு 400 மி.லி., கொழுப்பு நிறைந்த கிரீம் 120 மி.லி., சோயா சாஸ் 1 தேக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி.

வாணலியில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு மட்டும் இருக்கட்டும், மீதியை வடித்துவிடுங்கள். கொழுப்பு கூடினால் மைதா அதைத் தாங்காது, சாஸின் மேல் எண்ணெய் மிதக்கும். வெண்ணெய் போட்டு உருகியதும் மைதாவைத் தூவி, மிதமான தீயில் இரண்டு நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். பச்சை வாசனை போய், பிஸ்கட் மணம் வர வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசிவரை மாவு ருசிதான்.

இனி எலும்புச் சாறு. வெதுவெதுப்பாக, முதலில் கால் கப் மட்டும். விழுதாகத் திரண்டதும் இன்னொரு கால் கப். வழவழப்பாக இளகிய பிறகு மீதியை ஊற்றலாம். மொத்தத்தையும் கொதிக்கக் கொதிக்கக் கொட்டினால், மாவின் வெளிப்புறம் உடனே வெந்து உள்ளே உலர்மாவை அடைத்துக்கொள்ளும். கட்டி என்பது அதுதான். கட்டி தட்டிவிட்டால் கவலை வேண்டாம், வடிகட்டினால் போதும். ஊற்றும்போதே மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். கொதி வந்த பிறகுதான் மாவு முழுதாகத் தடிக்கும், அதற்கு முன் நீர்த்திருக்கிறதே என்று கூடுதல் மைதா சேர்க்காதீர்கள். ஐந்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கட்டும்.

தீயை நன்றாகக் குறைத்துக் கிரீம், சோயா சாஸ், கடுகு விழுது, மிளகுத்தூள் சேருங்கள். கொழுப்பு குறைந்த கிரீமோ புளித்த கிரீமோ என்றால் அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும்; கொதித்தால் திரிந்துவிடும். லேசாகத் திரிந்ததை, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த கிரீம் விட்டு வேகமாக அடித்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

உருண்டைகளைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் மெல்லச் சூடேற்றுங்கள் (கொழுப்பு குறைந்த கிரீமோ புளித்த கிரீமோ என்றால் உருண்டைகள் முதலில், கிரீம் கடைசியில்). நடுப்பகுதி ஆடு, மாடு, பன்றி என்றால் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74 எட்டியிருக்க வேண்டும். உப்பு கடைசியில்தான்: சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறும், சோயாவிலும் உப்பு உண்டு.

கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுவது புத்திசாலித்தனம், ஆறும்போது இன்னும் இறுகும். மறுநாள் சூடாக்கும்போது இரண்டு கரண்டி பால் விட்டுச் சிறுதீயில் கிளறுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் மாவு நீர் கக்கிப் பிரிந்துபோகும். உருண்டைகளை மட்டும் உறைய வையுங்கள்.