அலாஸ்கா க்ரூஸ்: முதலில் வரைபடத்தை விரித்து வையுங்கள்

அலாஸ்கா க்ரூஸ் என்று தேடினால் நீச்சல்குளமும் பஃபே மேசையும்தான் முதலில் கண்ணில் படும். அவை எந்தப் பெரிய கப்பலிலும் இருக்கும். கப்பல் எந்த வழியாகப் போகிறது, எந்தப் பனியாற்றின் (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வரும் பெரும் பனிக்கட்டி) முன்னால் நிற்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

படி 1: எங்கே ஏறுவது?

ஒரு வாரப் பயணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் சியாட்டிலிலோ கனடாவின் வான்கூவரிலோ தொடங்கும். வான்கூவர் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கும் கரைக்கும் நடுவே போகும். இருபுறமும் காடு, தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கும். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் போகும். அங்கே அலை அதிகம். குமட்டல் வருகிறவர்களும் வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களும் வான்கூவரையே பாருங்கள்.

வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் சீவார்டு அல்லது விட்டியர் துறைமுகம் வரை ஒருவழிப் பயணமும் உண்டு. இறங்கியபின் அலாஸ்காவின் உள்ளே இருக்கும் தெனாலி (Denali) மலைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் போக ஓர் ஊர், வர ஓர் ஊர் என்பதால் விமானச் செலவு கூடலாம்.

படி 2: பனியாற்று நாள்

பயணத்திட்டத்தில் 'கிளேசியர் பே' என்று இருக்கிறதா பாருங்கள். அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள். எல்லா நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைப்பதில்லை. பூங்கா ஊழியர்களே கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டு வருவார்கள். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்று மெல்லத் திரும்பும். அதன் முகப்பு மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலம். பனி உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். இடி போன்ற சத்தம் சில நொடிகள் கழித்துத்தான் வரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் காட்சி போயிருக்கும், அதனால் போனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

கிளேசியர் பே இல்லாவிட்டால் ஹப்பர்ட் பனியாறு இருக்கட்டும். வட அமெரிக்காவில் கடலில் வந்து முடியும் பனியாறுகளில் அதுதான் மிகப் பெரியது, நீளம் சுமார் 120 கிலோமீட்டர். இரண்டும் இல்லை, பனியாற்றில் போய் முடியும், எண்டிகாட் ஆர்ம் போன்ற குறுகலான கடற்கால்வாயும் இல்லை என்றால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் அந்தப் பயணத்தை எடுக்கமாட்டேன்.

படி 3: எந்த மாதம்?

மே மாதத்தில் மழை ஒப்பீட்டளவில் குறைவு, கட்டணமும் குறைவு, மலையுச்சியில் பனி மிச்சமிருக்கும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சால்மன் மீன்கள் ஆறேறும், அவற்றைத் தேடிக் கரடிகளும் வரும். கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு கட்டாயம்.

படி 4: அறை

பால்கனி நல்லதுதான். ஆனால் பணம் இடித்தால் ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும். பனியாற்று நாளில் எப்படியும் எல்லோரும் மேல்தளத்தில்தான் நிற்பார்கள். ஒருவழிப் பயணமாக வடக்கே போகிறீர்களா? வலப்பக்க அறை கேளுங்கள், கரை அந்தப் பக்கம்தான்.

படி 5: விசா

பலர் கோட்டை விடும் இடம் இது. 1886-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டத்தால், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் சியாட்டிலில் ஏறியவர்களைச் சியாட்டிலிலேயே இறக்குவதற்குள் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் கனடாவின் விக்டோரியாவில், பெரும்பாலும் மாலையில், சில மணி நேரம் நிற்கும். நீங்கள் கீழே இறங்காவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசா சொல்லவே வேண்டாம். இரண்டும் கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்ப வராத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

படி 6: கணக்கு

விளம்பரக் கட்டணத்தோடு துறைமுக வரி, தலைக்கு இவ்வளவு என்று தினமும் ஏறும் டிப்ஸ், இணையம், கரைச் சுற்றுலா (கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது) எல்லாம் சேரும். பர்ஸைக் காலி செய்வது கடைசியில் சொன்னதுதான். ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கும் படகு, ஸ்காக்வேயில் 1898 தங்க வேட்டைக் காலத்தில் போடத் தொடங்கிய மலை ரயில், இந்த இரண்டுக்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள். கெட்சிகனில் கரைச் சுற்றுலா எதுவும் வாங்க வேண்டாம். துறையிலிருந்து க்ரீக் தெருவுக்கு நடந்தே போகலாம். ஆகஸ்ட் என்றால் பாலத்தில் நின்று குனிந்து பாருங்கள், ஓடை முழுக்க சால்மன் நீரோட்டத்தை எதிர்த்து முட்டி மோதிக்கொண்டிருக்கும்.