கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது வேலை மாறுகிறீர்களா? மகப்பேறு ஊதியத்தில் பலர் கோட்டைவிடும் இடங்கள்

பிரிட்டனில் வேலை பார்க்கும் பெண்களிடையே ஒரு வாசகம் வாய்வழியாகவே பரவிக்கொண்டிருக்கிறது: "வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தால் மகப்பேறு ஊதியம் கிடைத்துவிடும்." இது பாதி உண்மைதான். எந்தத் தேதிக்குள் அந்த ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பிரசவத்துக்குள் நிறைந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வேலை மாறியவர்களுக்கு, வயிறு தெரியத் தொடங்கிய பிறகுதான் உண்மை தெரியவருகிறது. அப்போது எதையும் மாற்ற முடியாது. முன்கூட்டியே அரை மணி நேரம் காலண்டரோடு உட்கார்ந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தேதியைத் தவறாக எண்ணுவது

சட்டப்படியான மகப்பேறு ஊதியத்தைச் சுருக்கமாக எஸ்எம்பி என்பார்கள். இது 39 வாரங்களுக்குக் கிடைக்கும். முதல் 6 வாரம், சராசரி வாரச் சம்பளத்தில் 90 விழுக்காடு. இதற்கு உச்சவரம்பு கிடையாது. மீதி 33 வாரம், நிர்ணயிக்கப்பட்ட தொகை அல்லது அந்த 90 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அது. 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அந்தத் தொகை வாரத்துக்கு 187.18 பவுண்டு. ஒவ்வோர் ஏப்ரலிலும் இது மாறும்.

இதைப் பெற, ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து 26 வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த 26 வாரமும் 'தகுதி வாரம்' முடிவதற்குள் நிறைந்திருக்க வேண்டும். குழந்தை பிறக்கும் என்று எதிர்பார்க்கப்படும் வாரத்துக்கு முந்தைய 15ஆவது வாரம்தான் தகுதி வாரம். வாரம் என்பது இங்கே ஞாயிறு முதல் சனி வரை.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பிரசவத் தேதி 2025 அக்டோபர் 15, புதன்கிழமை. அந்த வாரம் அக்டோபர் 12 ஞாயிறன்று தொடங்குகிறது. அதிலிருந்து 15 வாரம் பின்னால் போனால் ஜூன் 29 முதல் ஜூலை 5 வரை தகுதி வாரம். அந்த வாரத்தையும் சேர்த்து 26 வாரம் பின்னோக்கி எண்ணினால், அவர் வேலையில் சேர்ந்திருக்க வேண்டிய கடைசி நாள் ஜனவரி 11, சனிக்கிழமை.

அக்டோபர் 15ஐப் பிரசவத் தேதியாகக் கொண்ட பெண்ணுக்குக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள் ஜனவரி 8. கருத்தரிப்பு ஜனவரி மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் நடந்திருக்கும். பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரியவந்தது பிப்ரவரித் தொடக்கத்தில். அதாவது, கரு உருவாவதற்கு முன்பே அவர் புதிய வேலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜனவரி 6 திங்கட்கிழமை சேர்ந்திருந்தால் எஸ்எம்பி உண்டு. ஜனவரி 13 திங்கட்கிழமை சேர்ந்திருந்தால் இல்லை. அலுவலகத்தில் யாரும் "ஒரு வாரம் தானே" என்று பெரிய மனது பண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள சட்டத்தில் இடமில்லை.

ஆகவே விதியை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: கர்ப்பம் என்று தெரிந்த பிறகு ஒரு புதிய நிறுவனத்தில் சேர்ந்தால், அந்த நிறுவனத்திலிருந்து அந்தக் குழந்தைக்கு எஸ்எம்பி வராது.

இந்தக் கணக்கில் வேலை உறுதிக் கடிதம் வந்த நாளுக்கு மதிப்பில்லை. பணி தொடங்கும் நாளுக்குத்தான் மதிப்பு. பழைய வேலையில் மூன்று மாத நோட்டீஸ் காலம் இருந்தால் அந்த மூன்று மாதமும் தள்ளிப்போகும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தாமதமும் உண்டு. புதிய நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்பைக் கொண்டு விண்ணப்பித்து, அனுமதி கிடைத்த பிறகே அங்கே வேலை தொடங்க முடியும். செப்டம்பரில் நேர்காணலில் தேர்வானவர் ஜனவரியில்தான் மேசையில் உட்காருகிறார் என்பது சாதாரணமாக நடப்பது.

விடுப்பையும் ஊதியத்தையும் ஒன்றாக நினைப்பது

இரண்டும் வேறு வேறு. ஊழியராக இருந்தால், சேர்ந்த முதல் நாளிலிருந்தே 52 வார மகப்பேறு விடுப்புக்கு உரிமை உண்டு. ஊதியத்துக்குத்தான் 26 வார நிபந்தனையும், தகுதி வாரத்தையொட்டிய சராசரி வருமான நிபந்தனையும். 2025-26இல் அந்தச் சராசரி வாரம் 125 பவுண்டாவது இருக்க வேண்டும். "இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை, உங்களுக்கு விடுப்பே கிடையாது" என்று மேலாளர் சொன்னால் அவர் சொல்வது தவறு.

எஸ்எம்பி இல்லை என்றதும் ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடுவது

இது என்னை மிகவும் வருத்தும் தவறு. வேலை மாறியதால் எஸ்எம்பி தவறிப்போனவர்களுக்காகவே இருப்பதுபோல மெட்டர்னிட்டி அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகை இருக்கிறது. பிரசவ வாரத்துக்கு முந்தைய 66 வாரங்களில் ஏதாவது 26 வாரம் வேலை பார்த்திருந்து, அவற்றில் ஏதாவது 13 வாரம் வாரத்துக்கு 30 பவுண்டாவது சம்பாதித்திருந்தால் போதும். வாரங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவனமாகவும் இருக்க வேண்டியதில்லை. பழைய வேலையில் கழிந்த வாரங்களும் புதிய வேலையின் வாரங்களும் சேர்ந்தே எண்ணப்படும். 39 வாரம் கிடைக்கும், 2025-26இல் வாரத்துக்கு அதிகபட்சம் அதே 187.18 பவுண்டு, இதற்கு வருமான வரி கிடையாது.

அப்படியானால் வேலை மாறியதில் உண்மையான இழப்பு எவ்வளவு? வாரம் 600 பவுண்டு சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு எஸ்எம்பியில் முதல் 6 வாரமும் 540 பவுண்டு வீதம் கிடைத்திருக்கும். அலவன்ஸில் 187.18தான். வித்தியாசம் வாரத்துக்கு 352.82, ஆறு வாரத்துக்கு, வரிக்கு முந்தைய கணக்கில், சுமார் 2,117 பவுண்டு. அதன்பின் இரண்டும் ஒன்றே. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். புதிய வேலையில் ஆண்டுக்கு 5,000 பவுண்டு கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், எஸ்எம்பிக்காக அந்த வேலையை வேண்டாம் என்பது நஷ்டக் கணக்கு. கருத்தரிப்பு நம் காலண்டருக்குக் கட்டுப்பட்டதும் இல்லை. இந்த மாதம் என்று நினைப்பது அடுத்த ஆண்டுக்குப் போகலாம். வரப்போகும் மகப்பேறு ஊதியத்தை எண்ணி, பிடிக்காத வேலையில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் சம்பளம் அதிகமாக இருப்பவர்களுக்கும், பழைய நிறுவனம் சட்டத்துக்கு மேல் தாராளமாகக் கொடுக்கும் இடமாக இருப்பவர்களுக்கும் இழப்பு பல மடங்கு. அடுத்த தவறு அங்கேதான் வருகிறது.

நிறுவனத்தின் சொந்தத் திட்டத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

"எங்கள் நிறுவனத்தில் ஆறு மாதம் முழுச் சம்பளம்" என்று விளம்பரத்தில் இருக்கும். அதற்குத் தகுதி பெற ஓராண்டு பணி, சில இடங்களில் அதற்கும் மேல், முடிந்திருக்க வேண்டும் என்பது கொள்கை ஆவணத்தின் உள்ளே இருக்கும். விடுப்பு முடிந்து குறிப்பிட்ட காலம் வேலை பார்க்காவிட்டால் அந்தக் கூடுதல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. எஸ்எம்பி பங்கை மட்டும் யாரும் திரும்பக் கேட்க முடியாது. நீங்கள் வேலைக்குத் திரும்பாவிட்டாலும் அது உங்களுடையது.

மகப்பேறு கொள்கையைக் கேட்டால் சந்தேகம் வந்துவிடுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி: ஊழியர் கையேடு முழுவதையும் அனுப்பச் சொல்லுங்கள். ஓய்வூதியம், நோய் விடுப்பு, வருடாந்திர விடுப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். கையெழுத்திடுவதற்கு முன் அதைக் கேட்பது எல்லோரும் செய்வது.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் வேலை பார்க்கும் செவிலியர்களும் பிற பணியாளர்களும் இதில் கொஞ்சம் பாக்கியசாலிகள். அவர்களுடைய பொதுப் பணி ஒப்பந்தப்படி, பிரசவ வாரத்துக்கு முந்தைய 11ஆவது வாரம் தொடங்கும்போது 12 மாதத் தொடர் பணி இருக்க வேண்டும். ஆனால் அது ஒரே டிரஸ்டில் (மருத்துவமனைகளை நடத்தும் என்எச்எஸ் அமைப்பு) இருக்க வேண்டியதில்லை. ஒரு டிரஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும், இடையில் மூன்று மாதமோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி இருந்தாலும் தொடர்ச்சி அறுபடாது. 8 வாரம் முழுச் சம்பளம், 18 வாரம் அரைச் சம்பளமும் சட்டப்படியான தொகையும், பிறகு 13 வாரம் சட்டப்படியான தொகை என்று கிடைக்கும். சட்டப்படியான எஸ்எம்பிக்கு மட்டும் ஒவ்வொரு டிரஸ்டும் தனி நிறுவனம்தான் என்பதால், புதிதாக மாறியவர் அந்தப் பகுதிக்கு அலவன்ஸ் கோர வேண்டியிருக்கலாம். என்எச்எஸ்ஸை விட்டு ஏஜென்சிக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போகும்போது இந்தச் சலுகை முழுவதும் கைவிட்டுப் போகிறது. சம்பள உயர்வை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

தகுதி வாரத்துக்கு முன்பே பழைய வேலையை விடுவது

ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர் வேலை மாற நினைத்தால், பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. தகுதி வாரத்தில் ஒரு நாளாவது பழைய நிறுவனத்தின் பணியில் இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், அதன்பின் ராஜினாமா செய்தாலும் எஸ்எம்பி கொடுக்கும் கடமை அந்தப் பழைய நிறுவனத்துக்கே. மேலே சொன்ன பெண் ஜூன் 27 வெள்ளியோடு விலகியிருந்தால் எஸ்எம்பி இல்லை. ஜூன் 30 திங்கள் வரை பணியில் இருந்திருந்தால் 39 வார ஊதியமும் உண்டு. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: குழந்தை பிறந்த பிறகு, ஊதியக் காலம் முடிவதற்குள், தகுதி வாரத்தில் உங்களை வேலைக்கு வைத்திராத புதிய நிறுவனத்தில் வேலை செய்தால் பழைய நிறுவனத்தின் எஸ்எம்பி நின்றுவிடும்.

இரண்டு சம்பளச் சீட்டுகளைக் கவனிக்காமல் விடுவது

90 விழுக்காடு என்பது ஆண்டுச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை. தகுதி வாரத்தின் சனிக்கிழமையன்றோ அதற்கு முன்போ வரும் கடைசிச் சம்பள நாளோடு முடிகிற, குறைந்தது எட்டு வாரக் காலத்தில் கைக்கு வந்ததுதான் அடிப்படை. மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும் நம் உதாரணப் பெண்ணுக்கு மே, ஜூன் மாதச் சம்பளச் சீட்டுகள் இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

அந்த இரண்டு மாதத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாலோ, நீண்ட நாள் குறைந்த நோய்க்கால ஊதியத்தில் இருந்தாலோ சராசரி இறங்கும். போனஸோ கூடுதல் நேர ஊதியமோ வந்தால் ஏறும். சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக வேறு சலுகை பெறும் 'சாலரி சாக்ரிஃபைஸ்' ஏற்பாட்டில் ஓய்வூதியத்துக்கோ காருக்கோ மாதம் 400 பவுண்டு போனால், மொத்தச் சம்பளம் 2,600 என்று நாம் நினைத்தாலும் கணக்கில் வருவது 2,200தான். முதல் ஆறு வாரத்தில் மட்டும் ஏறத்தாழ 500 பவுண்டு குறையும். புதிய வேலையில் சேரும்போதே இத்தகைய திட்டங்களில் கையெழுத்திட வைப்பார்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பது அவரவர் கணக்கு. ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

கணவரும் அதே நேரத்தில் வேலை மாறுவது

தந்தைக்கான சட்டப்படியான ஊதியத்துக்கும் அதே தகுதி வாரத்துக்குள் 26 வாரம் நிறைந்திருக்க வேண்டும். ஊர் மாறும் குடும்பங்களில் இருவரும் ஒரே மாதத்தில் வேலை மாறி, இருவரின் ஊதியமும் போய்விடுவது உண்டு. முடிந்தால் ஒருவராவது இருக்கும் இடத்திலேயே இருப்பது நல்லது.

பயத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது, அல்லது கடைசிவரை சொல்லாமல் இருப்பது

நேர்காணலில் கர்ப்பத்தைப் பற்றியோ அதற்கான திட்டத்தைப் பற்றியோ சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலை தர மறுப்பதோ, தகுதிகாண் காலத்தில் அனுப்பிவிடுவதோ பாகுபாடு. இதற்குப் பணிக்கால நிபந்தனை கிடையாது. "இப்போதுதானே சேர்ந்தேன், எந்த முகத்தோடு சொல்வது" என்று குற்றவுணர்ச்சியில் ராஜினாமா செய்ய நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை.

வேலையில் சேர்ந்த பிறகு மட்டும் அளவுக்கு மீறித் தள்ளிப்போட வேண்டாம். நிறுவனத்துக்குத் தெரிந்த பிறகுதான் உங்களுக்கெனத் தனியாகப் பணியிட ஆபத்துகளை மதிப்பிட வேண்டிய கடமையும், மருத்துவப் பரிசோதனைகளுக்குச் சம்பளத்தோடு நேரம் தர வேண்டிய கடமையும் வருகின்றன. விடுப்பு பற்றி அறிவிக்கக் கடைசிக் கெடு தகுதி வாரம். எஸ்எம்பிக்கு 28 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எஸ்எம்பியும் மெட்டர்னிட்டி அலவன்ஸும், பெரும்பாலான விசாக்காரர்கள் கோரக் கூடாத அரசு உதவிகளான 'பொது நிதி' பட்டியலில் வருவதில்லை. விசா நிபந்தனைக்குப் பயந்து இவற்றைக் கோராமல் இருக்கத் தேவையில்லை. குழந்தை வளர்ப்புக்கான அரசு உதவித்தொகையான சைல்டு பெனிஃபிட் அந்தப் பட்டியலில் வரும் என்பதால் அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மறுப்பை எழுத்தில் வாங்காமல் விடுவது

எஸ்எம்பி தர முடியாது என்று நிறுவனம் முடிவு செய்தால், காரணத்தைக் குறிப்பிட்டு எஸ்எம்பி-1 என்ற படிவத்தைத் தர வேண்டும். முடிவெடுத்த ஏழு நாளுக்குள் அது உங்கள் கைக்கு வர வேண்டும். காரணம் தவறென்று தோன்றினால் வருவாய், சுங்கத் துறையிடம் முறையிடலாம். சேர்ந்த தேதியையும் தகுதி வாரத்தையும் தாளில் எழுதிக் காட்டினாலே பாதி வழக்கு முடிந்துவிடும். காரணம் சரியென்றால் அதே படிவத்தையும், பிரசவத் தேதியை உறுதிசெய்து மருத்துவச்சியோ மருத்துவரோ கொடுக்கும் மேட்-பி-1 சான்றிதழையும் சேர்த்து அலவன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 26 வாரக் கர்ப்பம் ஆனதும் விண்ணப்பிக்கலாம். தாமதமானால் மூன்று மாதத்துக்குத்தான் பின்தேதியிட்டுத் தருவார்கள். அதற்கு முந்தைய வாரங்களின் பணம் போனது போனதுதான்.