ட்ரெய்லரை நிறுத்திவிட்டுக் கிராண்ட் கேன்யனை ஒரே நாளில் நிதானமாகப் பார்ப்பது எப்படி

ஓய்வு பெற்ற பிறகு, டிரக்குக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியான ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அரிசோனா பக்கம் போகிறவர்கள் பலர், கிராண்ட் கேன்யனுக்கு ஒரு பகல்தான் ஒதுக்குகிறார்கள். காலை பத்து மணிக்கு வந்து, உச்சிவெயிலில் நாலு இடத்தில் படம் எடுத்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால், அந்தப் பள்ளத்தாக்கின் மிக மோசமான நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். நடுப்பகலில் நிழலே இருக்காது, எல்லாம் வெளிறித் தட்டையாகத் தெரியும். சூரியன் சாய்வாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு பாறை அடுக்கும் தனியாக எழுந்து நிற்கும். அதனால் நாளை இரண்டாக உடையுங்கள்: விடியலில் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம், நடுவில் ட்ரெய்லரில் சாப்பாடும் தூக்கமும். ஹோட்டல் அறையைப் பதினொரு மணிக்குக் காலி செய்கிறவர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

முதலில் தங்குமிடம். பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில், தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே ட்ரெய்லர் வில்லேஜ் என்ற முகாம் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு எல்லாம் உண்டு, நீளமான வண்டிகளும் நிற்கலாம். பக்கத்திலுள்ள மேதர் முகாமில் இணைப்பு எதுவும் கிடையாது, 30 அடிக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு அங்கே இடமும் இல்லை. ஆனால் மரங்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும். எதுவானாலும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை வைத்திருப்பவர்களும் சீனியர் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். அதைக் காட்டினால் உங்களோடு அதே வண்டியில் வருகிறவர்களுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் கிடையாது, மேதரில் வாடகையும் பாதிதான்.

முந்தின நாள் மாலையே வந்து சேருங்கள். டீசலையும் மளிகையையும் வில்லியம்ஸிலோ ஃபிளாக்ஸ்டாஃபிலோ முடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் விளிம்பில் இருக்கும் ஊருக்குள் பெட்ரோல் பங்க் இல்லை. ட்ரெய்லரைச் சமப்படுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டிரக்கைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் அடுத்த நாள் முழுக்க அந்த ட்ரெய்லரை நகர்த்தவே கூடாது. வியூ பாயிண்டுகளில் பல சின்னப் பார்க்கிங்தான், ட்ரெய்லரோடு உள்ளே போய்த் திரும்ப முடியாமல் பின்னால் பத்துக் கார் ஹார்ன் அடிக்க நிற்பது இந்த வயதில் வேண்டாத வேலை. இன்னொன்று, இந்த இடம் சுமார் 2,100 மீட்டர் உயரம், ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மே மாதத்திலும் இரவில் உறைபனி வரலாம், அதனால் படுக்கும் முன் தண்ணீர் ஹோஸைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். மூச்சும் கொஞ்சம் வாங்கும், இருதய மருந்து சாப்பிடுகிறவர்கள் மெதுவாகவே நடங்கள்.

காலையில் இருட்டோடு கிளம்பி டெசர்ட் வியூ சாலையில் கிழக்கே லிப்பான் பாயிண்ட் வரை போங்கள். ஜூனில் ஐந்தேகால் மணி வாக்கில் சூரியன் வந்துவிடும், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புறப்பட வேண்டும். சாலையில் எல்க் மான்கள் குறுக்கே வரும், ஒவ்வொன்றும் மாட்டைவிடப் பெரிசு, வேகம் கூடவே கூடாது. ஃபிளாஸ்கில் காபியும் கனமான ஜாக்கெட்டும் கட்டாயம். லிப்பானைச் சொல்லக் காரணம், கொலராடோ ஆறு வளைந்து ஓடுவது அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஆற்றுக்கு மேலே கவனித்துப் பாருங்கள்: கீழே சிவப்பும் பழுப்புமான அடுக்குகள் சாய்ந்து கிடக்கும், அவற்றின் தலையைச் சீவிவிட்டது மாதிரி மேலே இன்னொரு கூட்டம் அடுக்குகள் கிடையாகப் படுத்திருக்கும். சாய்ந்து, தேய்ந்து, பிறகு அதன்மேல் கடல் வந்து மணல் படிந்திருக்கிறது. நடுவில் கோடிக்கணக்கான ஆண்டுகளின் கணக்கையே காணோம். முதல் வெயில் படும்போது அந்தக் கோடு கண்ணுக்கு அப்படியே பிடிபடும். வேறெங்கும் போக முடியாவிட்டாலும் இங்கே அரை மணி நேரம் நில்லுங்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டெசர்ட் வியூ. 1932இல் மேரி கோல்ட்டர் வடிவமைத்த கல் கோபுரம், உள்ளே ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃப்ரெட் கபோட்டியின் சுவரோவியங்கள். திறக்கும் வரை வெளியே டிரக்கிலேயே காலை உணவை முடித்துக்கொள்ளலாம். படிகள் குறுகல், முட்டி வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. திரும்பும் வழியில் எல்லா இடத்திலும் நிற்காதீர்கள். கிராண்ட்வியூ ஒன்று போதும். அங்கிருந்து விஷ்ணு கோயில் என்று நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் பெயர் வைத்த முகடு தெரியும், கோபுரம் போலவே அடுக்கடுக்காய்க் குறுகிக் கூம்பும். கம்பித் தடுப்பு எல்லா இடத்திலும் இருக்காது. விளிம்பிலிருந்து ஆறடியாவது தள்ளி நில்லுங்கள். அணில்களுக்குத் தீனி போடாதீர்கள், கடிக்கும்.

பத்தரை மணிக்கெல்லாம் ட்ரெய்லருக்கு வந்துவிடுங்கள். தயிர்சாதம், ஊறுகாய், இரண்டு மணி நேரத் தூக்கம். கீழே இறங்கிப் பார்க்கலாமா என்று சிலருக்கு ஆசை வரும். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் மேலே இருப்பதைவிட 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு கூடுதல், இறங்குவது சுலபம், ஏறுவதற்கு இரண்டு மடங்கு நேரமாகும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

மூன்று மணி வாக்கில் இலவசப் பேருந்தில் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகம். பெரிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காலையில் பார்த்த அடுக்குகளைப் பெயர் சொல்லி அடையாளம் காணலாம். அங்கிருந்து ஊர்ப் பக்கமாகக் ‘காலப் பாதை’ தொடங்குகிறது. சுமார் 2 கிலோமீட்டர், தளம் போட்ட சமமான நடை, சக்கர நாற்காலியும் போகும். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னால் போகிறீர்கள். தரையில் உலோக வட்டங்கள், ஓரத்தில் பள்ளத்தாக்கின் கற்களையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது 27 கோடி ஆண்டு. கடைசிப் பக்கம் வரும் விஷ்ணு ஷிஸ்ட் என்ற பாறை கருப்பாக, மினுமினுப்பாக இருக்கும், வயது 170 கோடிக்கு மேல். கால் வலித்தால் பாதியிலேயே பேருந்து பிடித்துவிடலாம்.

மாலைக்கு ஹெர்மிட் சாலை. மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே தனியார் வண்டிக்கு அனுமதி இல்லை, சிவப்புத் தடப் பேருந்துதான். போகும்போது எல்லா இடத்திலும் நிற்கும். திரும்பும்போது பீமா, மோஹாவே, பவல் மூன்றில் மட்டும்தான் நிற்கும், இதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். நேரே கடைசி நிறுத்தமான ஹெர்மிட்ஸ் ரெஸ்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பீமாவில் இறங்குங்கள். காற்று அடங்கியிருந்தால் ஆழத்திலிருந்து ஆற்றின் இரைச்சல் காதில் விழும். சூரிய அஸ்தமனத்துக்கு எல்லோரும் ஹோப்பி பாயிண்டில் குவிவார்கள். மோஹாவேயில் கூட்டம் குறைவு, ஆறும் தெரியும், பேருந்தும் அங்கேயே வரும். சூரியன் விழுந்ததும் கிளம்பாதீர்கள், அடுத்த கால் மணி நேரத்தில்தான் எதிர்ச்சுவர் நிறம் மாறும். ஆனால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்துப் பலகையில் முதலிலேயே பார்த்துவிடுங்கள், கையில் டார்ச் இருக்கட்டும்.

மறுநாள் கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கேமரன் வழியாகக் கிழக்கே மானுமென்ட் வேலி பக்கம் போகிறீர்கள் என்றால், அந்தச் சாலை நெடுக இறக்கம், ட்ரெய்லர் பிரேக்கைச் சோதித்துவிட்டுக் கியரைக் குறைத்தே இறங்குங்கள். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அரிசோனாவில் கோடை நேர மாற்றம் கிடையாது, அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் பகுதியான நவாஹோ நாட்டில் உண்டு, அதனால் கோடையில் எல்லை தாண்டினதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அடுத்த முகாமின் வருகை நேரத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.