கையைக் கடிக்காமல் சமுதாய வானொலி

ஊர் மக்களே தங்களுக்காக நடத்தும் சமுதாய வானொலியைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் டிரான்ஸ்மிட்டர் (ஒலிபரப்புக் கருவி) விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அது கடைசி வேலை. இந்தியாவில் தனி ஆளுக்கு உரிமம் கிடையாது. கல்வி நிறுவனம், பதிவு செய்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆன தொண்டு அமைப்பு போன்றவைதான் விண்ணப்பிக்க முடியும். ஆகவே உங்கள் ஊர்ச் சங்கத்தின் பதிவுச் சான்றிதழை முதலில் தேடி எடுங்கள்.

உரிமம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் பூதிகோட்டே கிராமத்தில் 'நம்ம த்வனி' என்ற சமுதாய வானொலி, டிவி கேபிள் வழியாகவே வீடுகளுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுபோனது. கேபிள் வசதி இல்லையா, மகளிர் குழுக் கூட்டத்தில் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள். எது எடுபடுகிறது என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ஒலிப்பதிவுக்குச் செல்போனும் ஒரு காலர் மைக்கும் போதும். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள் இருக்கிறது, இலவசம். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. வெளிச்சத்தம் அதற்கெல்லாம் அடங்காது. கனமான பழைய ஜமக்காளங்களைத் தொங்கவிட்டால் அறையின் எதிரொலி நன்றாகவே குறையும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அப்புறம், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கி உரிமமில்லாமல் ஒலிபரப்பிவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.