“வயதுபோனால் அப்படித்தான்”: முதியோர் இல்லத்தில் உடல்நலம் பார்ப்பவர்கள் விடும் தவறுகள்

திருகோணமலையில் ஒரு முதியோர் இல்லத்துக்கு உடல்நலம் பார்க்கப் போகிறவர் பிரஷர் கருவியையும் சீனி பார்க்கும் கருவியையும் மறக்காமல் கொண்டுபோவார். இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டால் படிவம் நிரம்பிவிடும். அந்த ஐயா வழக்கமாக எப்படி இருப்பவர், எப்போதிலிருந்து மாறினார் என்று கேட்பவர் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான்.

அதைக் கேட்காதபோதுதான் “வயதுபோனால் அப்படித்தான்” என்ற பதில் வாயில் வந்து நிற்கிறது. முந்தாநாள்வரை தேவாரம் பாடிக்கொண்டிருந்த ஆச்சி இன்று ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார் என்றால் அதை மறதி நோய் என்று எழுதிவிட வேண்டாம். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளர்வது. இரண்டொரு நாளில் வந்த குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழப்பு, சீனி இறங்கியது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது காரணம் இருக்கக்கூடும். அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தடிமனுக்குத் தாராளமாகக் கொடுக்கும் குளோர்பெனிரமின்கூட வயதானவரின் நிதானத்தைக் கலைக்கும். காய்ச்சல் இல்லாததை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. வறண்ட, சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீரிழப்பை முதலில் சந்தேகியுங்கள். வயதானால் தாகம் குறைவாகவே தெரியும். இரவில் கழிப்பறைக்குப் போக யாரை எழுப்புவது என்று தண்ணீரையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு.

ஞாபகசக்தியைச் சோதிக்கும் விதம் இன்னொரு சிக்கல். 1975இல் வெளிவந்த, 30 புள்ளிகள் கொண்ட சோதனை ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஒரு வசனம் எழுதச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத மூதூர்ப் பெண்மணி அதில் புள்ளி இழப்பதற்கு மூளை காரணமல்ல. இன்று என்ன திகதி என்றால் திணறுபவர், ஆடி அமாவாசை போய் எத்தனை நாள் என்று கேட்டால் பிசகாமல் சொல்வார். நோன்பு எத்தனை என்று கேட்டால் கிண்ணியாவிலிருந்து வந்த வாப்பாவும் அப்படியே. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த ஒருவரிடம் “உங்கள் வீடு எங்கே?” என்றால் “சம்பூரில்” என்றுதான் சொல்வார். அதைத் தடுமாற்றம் என்று குறிப்பது அநியாயம். வைத்தியர் சிங்களத்தில் கேட்டு, பணியாளர் அரைகுறையாகத் தமிழாக்கிக் கிடைக்கும் பதிலுக்குப் புள்ளி போடுவதும் வேண்டாம். அதற்கெல்லாம் முன்பு காதுக்குள் பாருங்கள். குரும்பி அடைத்திருப்பவரும் கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்தான் சொல்வார்.

மேற்பார்வையாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு “ஏதும் குறை இருக்கிறதா அம்மா?” என்று கேட்காதீர்கள். “ஒன்றுமில்லை பிள்ளை” என்பது மட்டுமே பதிலாக வரும். சாப்பாடு, பணியாளர் நடத்தும் விதம், மனக்கவலை எல்லாவற்றையும் தனியே இருந்து கேட்க வேண்டும். பேச முடியாதவருக்கு வலி இல்லை என்று நினைப்பதும் தவறு: குளிப்பாட்டும்போது முகம் சுளிக்கிறாரா, ஒரு கையை மட்டும் தொடவிடாமல் இழுக்கிறாரா என்று பாருங்கள்.

பிரஷரை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் விழும் ஆபத்து தெரியாது. படுக்கவைத்துப் பார்த்து, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மீண்டும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மாத்திரைகளை வைத்தியர் மீளப் பார்க்க வேண்டும்.

நிறையைக் கண்மதிப்பில் எழுதுவது எங்கும் நடக்கிறது. 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57 ஆனால் அது 5 வீதம்; காரணம் தேட வேண்டிய இழப்பு. பொய்ப்பல் தளர்ந்து மெல்ல முடியாமல் போனதாகவும் இருக்கலாம். தராசில் நிற்க முடியாதவருக்குக் கெண்டைக்காலின் சுற்றளவை நாடாவால் அளக்கலாம்; 31 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் போசாக்குக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் அந்த அளவையும் நம்ப முடியாது.